மாதவிடாய் நின்றபின் ரத்தம் பட்டால்: பெண்களை முதலில் பார்க்கும் மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய மருத்துவர்களே,

வணக்கம். என் அம்மாவுக்கு மாதவிடாய் நின்று 6 வருடம் ஆகியிருந்தது. ஒரு நாள் உள்ளாடையில் நகக்கண் அளவுக்கு வெளிர் சிவப்பாக ஒரு கறை. யாருக்கும் தெரியாமல் அலசிக் காயப்போட்டுவிட்டார். மூன்றாவது முறை பட்டபோதுதான் என்னிடம் சொன்னார். மருத்துவரிடம் போனோம். பாப் ஸ்மியர் எடுத்தார், 'நார்மல்' என்று வந்தது. "வறட்சியால இப்படி வரும், பயப்படாதீங்க" என்று ஒரு க்ரீம் எழுதிக் கொடுத்தார். அந்த ரிப்போர்ட்டை நம்பி 8 மாதம் சும்மா இருந்துவிட்டோம்.

பாப் ஸ்மியர் கருப்பை வாய்க்கான சோதனை. அம்மாவுக்குப் புற்றுநோய் இருந்தது கருப்பையின் உட்படலத்தில். அந்த 'நார்மல்' வேறு ஒரு கேள்விக்கான பதில் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

வறட்சியாலும் ரத்தம் வரும், சரிதான். மாதவிடாய் நின்றபின் ரத்தம் படும் பெண்களில் ஏறக்குறைய 100-க்கு 9 பேருக்குத்தான் இந்தப் புற்றுநோய். ஆனால் இந்தப் புற்றுநோய் வந்தவர்களைக் கேட்டால், 100-க்கு 90 பேர் ரத்தம் பட்டது என்பார்கள். இவ்வளவு சீக்கிரம் தன்னைக் காட்டிக்கொடுக்கும் புற்றுநோய்கள் குறைவு. அதனால் 'வறட்சி' என்பது மற்றதெல்லாம் பார்த்து முடித்தபின் சொல்ல வேண்டிய பதில்.

அம்மாவுக்கு உடல் எடை அதிகம், சர்க்கரையும் உண்டு. அதுவே யோசிக்க வைத்திருக்க வேண்டும். சூலகம் ஓய்ந்தபின்னும் கொழுப்புத் திசு ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோனைத் தயாரித்துக்கொண்டே இருக்கிறது. அது உட்படலத்தை வளரச் சொல்கிறது. போதும் என்று நிறுத்தும் இன்னொரு ஹார்மோனான புரோஜெஸ்ட்டிரோன் அங்கே இல்லை. பிசிஓஎஸ் என்ற சூலக ஹார்மோன் கோளாறு உள்ள இளம்பெண்களுக்கும் இதே கதைதான். மார்பகப் புற்றுநோய்க்கு டமாக்ஸிஃபென் மாத்திரை சாப்பிடுபவர்களையும் மறந்துவிடாதீர்கள், அதுவும் உட்படலத்தை வளரத் தூண்டும்.

நான் கேட்பது பெரிய விஷயமில்லை. பிறப்புறுப்பு வழி ஸ்கேன் எடுங்கள். உட்படலம் 4 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால் பயாப்சி. அதற்குக் குறைவாக இருந்தும் ரத்தம் திரும்ப வந்தால், அப்போதும் பயாப்சி. ஏனென்றால் இந்தப் புற்றுநோயில் சீரஸ் என்ற ஒரு வகை, படலம் தடிக்காமலேயே வரலாம். மெல்லிய குழாயை உள்ளே விட்டுத் திசு எடுக்கச் சில நிமிடம் போதும். வலிக்கும், அதை முன்பே சொல்லிவிடுங்கள்.

ஆரம்பத்திலேயே பிடித்தால் பலருக்குக் கருப்பை, குழாய்கள், சூலகங்களை எடுக்கும் அறுவை சிகிச்சையோடு முடிந்துவிடுகிறது. அம்மாவுக்கு அது கருப்பைத் தசையில் பாதியைத் தாண்டியிருந்தது. அப்புறம் கதிர்வீச்சு.

புற்றுநோய் மருத்துவர்களிடமும் ஒன்று. இந்த நோயில் மரபணு அடிப்படையில் நான்கு வகை உண்டு என்று 2013-லேயே வெளியாகிவிட்டது. 2023-இல் சர்வதேச மகப்பேறு, மகளிர் மருத்துவர் கூட்டமைப்பான ஃபிகோவின், நோய் எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்லும் வரையறையிலும் அது இடம்பிடித்தது. எடுத்த கட்டியில் டிஎன்ஏ பிழை திருத்தும் புரதங்கள் இருக்கின்றனவா என்று தவறாமல் பாருங்கள். அவை இல்லாத கட்டி முற்றிய நிலைக்குப் போனால் கீமோவோடு, உடலின் நோய் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் இம்யூனோதெரபி நன்றாக வேலை செய்கிறது. லிஞ்ச் சிண்ட்ரோம் என்ற பரம்பரைப் புற்றுநோய்க் கோளாறு இருந்தாலும் அதிலிருந்துதான் தடம் கிடைக்கும். அது பிள்ளைகளுக்கும் வரக்கூடியது, பெருங்குடலையும் தாக்கும். எங்களுக்கு அந்தச் சோதனையை நாங்களாகக் கேட்டுத்தான் செய்தார்கள்.

அடுத்த முறை ஒரு பெண் "லேசா பட்டுச்சு" என்றால், எத்தனை தடவை என்று கேளுங்கள். மூன்று தடவை என்று சொல்ல அம்மா அன்றைக்குத் தயாராகத்தான் உட்கார்ந்திருந்தார். யாரும் கேட்கவில்லை.

இப்படிக்கு,
ஒரு மகள்