நாலு பரப்பு வளவுக்கு ஒரு நன்கொடை வேண்டுகோள்

அன்புள்ள ஊரவர்களுக்கும் வெளிநாட்டில் இருக்கும் எங்கள் சொந்தங்களுக்கும் வணக்கம்.

வாசிகசாலைக்குப் பின்னால் இருக்கும் நாலு பரப்பு (கால் ஏக்கர்) வளவு உங்களுக்குத் தெரியும். பற்றை மண்டி, பாதி இடிந்த கிணற்றுக்கட்டோடு கிடந்த காணி. அதன் சொந்தக்காரர் 10 வருடத்துக்குப் பிள்ளைகள் விளையாட விடலாம் என்று கனடாவிலிருந்து எழுதித் தந்துவிட்டார். போன மாதம் சிரமதானம் செய்து பற்றை வெட்டினோம். உள்ளே இரண்டு வேப்பமரம் இவ்வளவு நிழலோடு நின்றது அன்றுதான் தெரிந்தது.

அன்று பின்னேரம் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் வந்து வரிசையாக நின்றார்கள். ஒருவரும் ஓடவில்லை. தரம் 4 படிக்கும் ஒரு பிள்ளை, "அங்கிள், ஆர் சொல்லித் தருவினம்? எத்தினை மணிக்கு முடியும்?" என்று கேட்டது. என்ன பதில் சொல்வது? அந்த நேரம் பார்த்து, எங்களுக்குத் தேத்தண்ணி கொண்டுவந்த ஒரு அம்மம்மா சேலையைச் செருகிக்கொண்டு வேப்பமரத்தடியில் குந்தினார். அஞ்சு கல் பொறுக்கிக் கொக்கான் வெட்டத் தொடங்கினார். ஒன்றை மேலே எறிந்து, அது விழமுதல் கீழே கிடப்பதை அள்ளி, மேலே போனதையும் அதே கையில் ஏந்தி, எழுபது வயதுக் கை ஒரு கல்லையும் தவறவிடவில்லை. மூன்றாவது ஆட்டத்தில் அதே பிள்ளை, "அம்மம்மா அளாப்புறா!" என்று கத்தியது. (அளாப்புவது என்றால் ஏமாற்றி ஆடுவது. உண்மையில் அளாப்பினார்தான்.) அரை மணித்தியாலத்தில் வளவு முழுக்கச் சத்தம். மணி கேட்ட பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகத் தாய் வரவேண்டியதாயிற்று.

படிப்பு வேண்டாம் என்று சொல்ல நாங்கள் வரவில்லை. படிப்பால் நிமிர்ந்த ஊர் இது. ஆனால் பத்து வயதுப் பிள்ளை 200 புள்ளிகளுக்கு எழுதும் ஒரு புலமைப்பரிசில் பரீட்சைக்காக, பள்ளிக்கூடம் விட்டு ரியூசன், ரியூசன் விட்டு இன்னொரு ரியூசன், சனி ஞாயிறும் ரியூசன் என்று இருந்தால், அது எப்போதுதான் பிள்ளையாக இருப்பது? வெட்டுப்புள்ளி தாண்டியவரின் படத்தைப் பதாகையில் போடுகிறோம். தாண்டாதவர் அந்தப் பதாகைக்குக் கீழேதான் தினமும் சைக்கிளில் போகிறார்.

எங்கள் குழுவில் பலர் 1995 ஒக்ரோபர் 30 இரவு, போரால் ஊரைவிட்டு, மழையில், சனத்தோடு சனமாக நாவற்குழிப் பாலம் கடந்தவர்கள். தென்மராட்சியில் ஆர் ஆருடையவோ வளவுகளில் இருந்தோம். அந்த நாளிலும் பின்னேரம் ஆனால் போளை (கோலிக்குண்டு) அடித்தோம், கோடு கீறி, தாண்டுபவரைத் தொட்டு மறிக்கும் கிளித்தட்டு விளையாடினோம். இப்போது செல் குண்டு விழுவதில்லை. ஆனால் பின்னேரத்தில் ஒழுங்கைகளில் ஒரு பிள்ளையின் சத்தம் கேட்பதில்லை. இதைத்தான் எங்களால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

கிளித்தட்டைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், பாதி நேரம் சண்டைதான். "பட்டது", "படேல்லை." தீர்ப்புச் சொல்ல நடுவர் இல்லை. கோபித்துக்கொண்டு போகிறவனைத் திரும்பக் கூப்பிட்டால்தான் ஆள் கணக்குச் சரிவரும். ஆகவே கூப்பிடுவார்கள், அவனும் வருவான். இந்தப் பாடத்துக்கு ஒரு ரியூசனும் கிடையாது. ஓய்வும் விளையாட்டும் பிள்ளையின் உரிமை என்று 1989ஆம் ஆண்டின் ஐ.நா. சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 31ஆவது உறுப்புரை சொல்கிறது. இலங்கை 1991இலேயே அதை ஏற்றுக்கொண்டது. எங்கள் ஊருக்கு வந்து சேரக் கொஞ்சம் சுணங்கிவிட்டது.

சரி, காசு எதற்கு? முதலில் கிணறு. கட்டை உயர்த்தி, மேலே இரும்பு வலை மூடி போடாமல் இனி ஒரு பிள்ளையையும் உள்ளே விடமாட்டோம். அப்புறம் இரண்டு மலசலகூடம், குடிதண்ணீர்க் குழாய், வீதிப் பக்கம் வேலி, ஊஞ்சலுக்குக் கீழே விழுந்தால் நோகாத அளவுக்கு மணல். மேசன் தந்த கணக்கு 12 இலட்சம் ரூபா. கையில் இருப்பது 3 இலட்சத்து 40 ஆயிரம்.

தகரச் சறுக்குமரம் வாங்கித் தருவதாக ஒரு அன்பர் சொன்னார். நன்றியோடு மறுத்தோம். சித்திரை வெயிலில் அது தோசைக்கல். வெற்றிக்கிண்ணம், பயிற்றுநர், போட்டி ஒன்றும் இங்கே இராது. பெரியவர்களுக்காக வேப்பமரத்தடியில் இரண்டு சீமெந்து வாங்கு கட்டுகிறோம். தாயம் உருட்டலாம், சும்மாவும் இருக்கலாம். போனைப் பார்த்துக்கொண்டு பிள்ளையை "ஓடு, ஓடு" என்று விரட்டுவதற்கு மட்டும் அந்த வாங்கு இல்லை.

வங்கிக் கணக்கு விபரம் வாசிகசாலை அறிவிப்புப் பலகையில் இருக்கிறது. வெளிநாட்டில் இருப்பவர்கள் ஊரில் உள்ள உறவினர் மூலம் கொடுத்தனுப்பலாம். எவ்வளவு சிறிய தொகைக்கும் பற்றுச்சீட்டு உண்டு. வரவு செலவு மாதம் ஒருமுறை அதே பலகையில் ஒட்டப்படும். காசு தர வசதியில்லாதவர்கள் ஞாயிறு காலை மண்வெட்டியோடு வாருங்கள். பழைய சைக்கிள் ரயர், நல்ல தடித்த கயிறு இருந்தால் அதையும் கொண்டு வாருங்கள்.

தைப்பொங்கலுக்கு முன் கிணற்று வேலையும் வேலியும் முடியவேண்டும். அன்று காற்று நன்றாக இருக்கும். காற்றில் கூவும் விண் பூட்டிக் கொக்குப் பட்டம் கட்டத் தெரிந்த ஆட்கள் ஊரில் இன்னும் இரண்டு மூன்று பேர் இருக்கிறார்கள். அவர்களிடம் இப்போதே சொல்லி வைத்திருக்கிறோம்.

இங்ஙனம்,
விளையாட்டு வளவுக் குழுவினர்,
யாழ்ப்பாணம்