காம்பவுண்டிங் எல்லாம் 'கூட்டுதல்' ஆகாது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

'காம்பவுண்டிங்' என்ற ஆங்கிலச் சொல்லை எங்கே கண்டாலும் உங்கள் இதழில் 'கூட்டுதல்' என்று எழுதிவிடுகிறார்கள். வட்டிக்கு அது சரி; கூட்டு வட்டியின் வலி எல்லாருக்கும் தெரியும். மற்ற இடங்களில் வேலூர்க்காரருக்கு நினைவு வருவது வாசல் கூட்டுவதும் பூசணிக்காய்க் கூட்டும் கூட்டுரோடும்தான். மருத்துவப் பக்கத்தில் 'மருந்து கலத்தல்', இலக்கணத்தில் 'தொகை', புள்ளியியலில் 'கூட்டுப் பரவல்' என்று அச்சிடலாமே.

மருந்துதான் முக்கியம், அங்கே சொல் தவறினால் அளவும் தவறும். கம்பவுண்டர் என்ற பெயரே இந்த வேலையால் வந்தது. மருத்துவர் தம் நோயாளிக்குத் தாமே கொடுப்பது தவிர, சீட்டைப் பார்த்து மருந்து கலக்கும் உரிமை பதிவுபெற்ற மருந்தாளுநருக்கே என்கிறது 1948ஆம் ஆண்டு மருந்தியல் சட்டத்தின் 42ஆம் பிரிவு.

குழந்தைக்கு மி.லி.க்கு 10 மி.கி. வீதம் 100 மி.லி. திரவ மருந்து வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 100 மி.கி. மாத்திரை பத்தைக் கல்வத்தில் நைத்து, கொஞ்சம் பாகு விட்டுக் குழைத்து, அளவு ஜாடியில் ஊற்ற வேண்டும். கல்வத்தை அலசிய நீரையும் அதிலேயே சேர்த்து, 100 கோடு வரும் வரை நீர் விட வேண்டும். சீட்டில் 'கியூ.எஸ்.' என்று இருப்பதன் பொருள் இந்த 'வரை'தான். 'கூட்டு' என்று படித்தவர் 40 மி.லி. பாகோடு 100 மி.லி. நீரைக் கூட்டிவிட்டால் மொத்தம் 140 ஆகிவிடும். 5 மி.லி.யில் 50 மி.கி. போக வேண்டிய இடத்தில் 36தான் போகும். தூள் அடியில் தங்குவதால் குலுக்காமல் கொடுத்தால் முதல் வேளை வெறும் தண்ணீர், கடைசி வேளை அளவுக்கு மீறிய மருந்து. குடலில் கரைவதற்காக உறை போட்ட மாத்திரையையும் மெதுவாக மருந்து விடும் மாத்திரையையும் இப்படி நைக்கவே கூடாது.

களிம்பிலும் அப்படியே. 2 சதவீத சாலிசிலிக் அமிலக் களிம்பு 100 கிராமுக்கு 2 கிராம் தூள். அதை 98 கிராம் அடிக்களிம்பில் ஒரேயடியாகக் கொட்டினால் ஓரிடத்தில் கட்டி தோலை அரிக்கும், இன்னோரிடத்தில் மருந்தே இருக்காது. சலித்த தூளோடு முதலில் 2 கிராம் களிம்பு, பிறகு 4, 8, 16, 32, கடைசியில் மீதி 36. ஒவ்வொரு முறையும் கையில் இருப்பதன் அளவுக்கே புதியது சேர வேண்டும். இரும்புக் கரண்டி ஆகாது, நிறம் மாறும். தூள் மூக்கில் ஏறினால் தும்மல் நிற்காது.

இலக்கணத்தில் தொகை ஆறு. எந்தத் தொகை என்பதுதான் ஒற்று மிகுமா என்பதைத் தீர்மானிக்கும்: சுடுகாடு வினைத்தொகை, மிகாது, மருந்துக்கடை வேற்றுமைத்தொகை, மிகும். நம் ஆற்காட்டையே பாருங்கள். ஆறு காடுகள் இருந்தன என்ற கதைக்கு அறுசுவை போல 'அறுகாடு' என்றோ, ஆறுமுகம் போல 'ஆறுகாடு' என்றோதான் வரும். பாலாற்றை நினைத்தால் 'ஆற்றுக்காடு'. ஆத்தி மரமான ஆர் என்றால் 'ஆர்க்காடு'. 'ற்' நிற்க வேண்டுமானால், பால் + குடம் பாற்குடம் ஆவதுபோல, ஆல் + காடு. ஆனால் அதற்கு 'ஆலங்காடு' என்பதே வழக்கம். சந்தி தெரியாமல் ஊர்ப்பெயருக்கு விளக்கம் சொன்னால் இப்படித்தான் ஆளுக்கொரு காடு முளைக்கும்.

புள்ளியியலில், எத்தனை என்பதே நிச்சயமில்லாதவற்றைக் கூட்டினால் வரும் மொத்தம் எப்படி மாறும் என்று சொல்வது கூட்டுப் பரவல். நெடுஞ்சாலையில் நாளுக்குச் சராசரி 2 விபத்து; ஒன்றையொன்று சாராமல் தற்செயலாக நடப்பவற்றின் எண்ணிக்கைக்குப் பொருந்தும் பாய்சான் பரவல் என்று கொள்வோம். ஒவ்வொன்றிலும் 1 அல்லது 3 பேருக்குக் காயம், சம வாய்ப்பு என்று கொள்வோம். காயமடைவோர் சராசரி 4. அதையும் சாதாரணப் பாய்சான் என்று எடுத்தால், அதில் சராசரியும் விலக்க வர்க்கச் சராசரியும் (சராசரியிலிருந்து விலகும் அளவுகளின் வர்க்கங்களுக்குச் சராசரி) ஒன்றே என்பதால், இதுவும் 4 என்று வரும், அது தவறு. காயமடைவோர் 1, 3 என்பதன் வர்க்கங்களான 1, 9 ஆகியவற்றின் சராசரி 5. அதை விபத்துச் சராசரியான இரண்டால் பெருக்கினால் 10; சரியான விலக்க வர்க்கச் சராசரி இதுவே. அதன் வர்க்கமூலமான திட்ட விலக்கம் 2 அல்ல, 3.16. சராசரிக்கு மேல் இரண்டு திட்ட விலக்கம் வைத்து மருத்துவமனைப் படுக்கை ஒதுக்குபவர், சாதாரணப் பாய்சானை நம்பினால் 8 போதும் என்பார். கணக்கோ 10ஐத் தாண்டுகிறது.

'காம்பவுண்டு சுவரை' மட்டும் இந்தக் குடும்பத்தில் சேர்க்க வேண்டாம். அது மலாய் மொழியின் 'கம்போங்' வழி வந்தது என்பதே பெரும்பாலோர் கருத்து.

மருந்தியல் ஆசிரியர்,
சத்துவாச்சாரி, வேலூர் – 9