மேடையில் சேராத கைகள்

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்தது. பேத்தி நடை பழகிவிட்டாள் என்ற வரியை இரண்டு தடவை படித்தேன். என் மூட்டுவலியும் இப்போது பரவாயில்லை.

அமெரிக்காவில் ஒரு கட்சி தன் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க நடத்தும் பிரைமரி தேர்தலைப் பற்றிக் கேட்டிருந்தாய். ஒரே கட்சிக்காரர்கள் ஊரறிய அடித்துக்கொண்டால் கட்சியின் பெயர் கெடாதா என்று. அடித்துக்கொண்டதை மக்கள் மறந்துவிடுவார்கள். அது எப்படி முடிந்தது என்பது மனதில் தங்கிவிடும். எனக்குத் தெரிந்தவரை இதுதான்.

1980-ஐ எடுத்துக்கொள். பதவியில் இருந்த ஜிம்மி கார்ட்டரை அவருடைய ஜனநாயகக் கட்சியிலேயே செனட்டர் எட்வர்ட் கென்னடி எதிர்த்து நின்றார். அந்த உட்கட்சிப் போட்டியில் கார்ட்டர் ஜெயித்தார். வேட்பாளரை முறைப்படி அறிவிக்கும் நியூயார்க் கட்சி மாநாட்டின் கடைசி இரவு, இருவரும் கைகோத்து உயர்த்தும் அந்தக் காட்சிக்காக மேடையே காத்திருந்தது. கென்னடி வந்தார், கைகுலுக்கினார், விலகி நின்றார். கார்ட்டர் அவரைச் சுற்றிச் சுற்றி வந்ததை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. ஒரு ஜனாதிபதி அப்படி நின்றதை நினைத்தால் இன்றும் சங்கடமாக இருக்கிறது. நவம்பர் ஜனாதிபதி தேர்தலில், முடிவைத் தீர்மானிக்கும் தேர்வாளர் வாக்குகளில் அவருக்குக் கிடைத்தது 49, எதிர்த்து நின்ற குடியரசுக் கட்சியின் ரீகனுக்கு 489. விலைவாசியும் ஈரான் பணயக்கைதிகள் விவகாரமும் பெரிய காரணங்கள்தான். ஆனாலும் சொந்த வீட்டையே சேர்த்துப் பிடிக்க முடியாதவர் என்ற பெயர் அந்த மேடையில் உறுதியாகிவிட்டது.

2008-இல் அதே ஜனநாயகக் கட்சியின் ஹிலாரி கிளின்டனும் ஒபாமாவும் ஜூன் வரை விடாமல் மோதினார்கள். கசப்புக்குக் குறைவே இல்லை. ஆனால் டென்வர் மாநாட்டில் வாக்கெடுப்பு நடந்துகொண்டிருந்தபோது, நியூயார்க் பிரதிநிதிகள் நடுவே நின்று, ஒபாமாவை ஒருமனதாக வேட்பாளராக அறிவிக்கலாம் என்று முன்மொழிந்தவர் ஹிலாரியே. தோற்றவர் வாயிலிருந்து வந்த அந்தச் சொல்லுக்கு எந்த விளம்பரமும் ஈடாகாது.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன், உள்ளே எறிகிற கல்லை எதிராளி பொறுக்கி வைத்துக்கொள்வான். மாசசூசெட்ஸ் கைதிகளுக்கு வார இறுதி விடுப்பு கொடுத்ததைச் சொல்லி 1988-இல் அந்த மாநில ஆளுநரும் ஜனநாயகக் கட்சியில் வேட்பாளராகப் போட்டியிட்டவருமான டுகாகிஸை முதலில் மடக்கியவர் சொந்தக் கட்சியின் அல் கோர். பிறகு அதையே குடியரசுக் கட்சி பெரிய ஆயுதமாக்கியது.

அதற்காக, நீ சொல்வதுபோல் கதவை மூடிக்கொண்டு பேசி முடித்துவிடலாம் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. 1968-இல் ஒரு பிரைமரியிலும் நிற்காமலே அன்றைய துணை ஜனாதிபதி ஹம்ப்ரி ஜனநாயகக் கட்சி வேட்பாளரானார். மாநாடு நடந்த சிகாகோவின் தெருக்களில் போலீஸ் தடியடி. அந்தக் கட்சிக்கு அதைவிட மோசமான முகம் வாய்த்ததில்லை.

மறுத்து எழுதுவாய் என்று தெரியும், எழுது. பேத்தி நடக்கிற படம் ஒன்றும் அனுப்பு.

அன்புடன்,
உன் பழைய நண்பன்