காருக்குப் பளபளப்பு வேண்டாம், பிரேக் ரப்பர் அனுப்பு

அன்புள்ள மகளுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் நோ கொஞ்சம் குறைவு. நீ அனுப்பிய படங்களைப் பார்த்தோம். பழைய கார்க் காட்சிக்குப் போன இடத்தில், எங்களுடையதைப் போலவே ஒரு ஒஸ்டின் ஏ40 சொமர்செற்றைக் கண்டுவிட்டு, "அப்பா, எங்கட காரையும் இப்பிடிச் செய்வம், காசு நான் அனுப்புறன்" என்று எழுதியிருந்தாய். பெயின்ற்றில் முகம் பார்க்கலாம், சீற் எல்லாம் புதுத் தோல். வடிவுதான். ஆனால் எங்கள் காருக்கு அது வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன், கோபிக்காமல் வாசி.

அண்மையில் கொழும்பில் இருந்து ஒருவர் காரைப் பார்க்க வந்தார். பழைய கார்கள் சேர்ப்பவர், விஷயம் தெரிந்தவர். 2002இல் யாழ்ப்பாணத்துக்கு வரும் ஏ9 பாதை திறந்த கையோடு வந்தவர்கள் பழைய இரும்பு வாங்குகிற மாதிரித்தான் பேரம் பேசினார்கள். பிள்ளைகள் எல்லாம் வெளிநாட்டில், கிழடுகள் மட்டும் இருந்த வீடுகளில் நின்ற கார்கள் சும்மா விலைக்குப் போயின. இவர் அப்படியில்லை. பொனற்றைத் திறக்க முதலே பதிவுப் புத்தகத்தைக் கேட்டார். அதில் இருக்கிற செசி இலக்கமும் எஞ்சின் இலக்கமும் காரில் உள்ளவையோடு ஒத்துப்போகிறதா என்று ரோச் அடித்துப் பார்த்தார். சரியாக இருந்தது. பிறகு சட்டைப்பையில் இருந்து சின்னக் காந்தம் ஒன்றை எடுத்து, கீறல் விழாமல் துணியில் சுற்றி, மட்கார்ட், கதவின் அடிப்பக்கம், டிக்கி எல்லாம் மெதுவாகத் தடவிக்கொண்டு போனார். காந்தம் பிடிக்காத இடத்தில் பெயின்ற்றுக்குக் கீழே தகரம் இல்லை, பட்டி அப்பியிருக்கிறது என்று அர்த்தம். பின் இடது மட்கார்ட்டில் மட்டும் வழுக்கியது. பெரியப்பா கிணற்றுக்கட்டில் கொண்டுபோய் இடித்த கதைதான், உனக்குத் தெரியுமே.

நம்பர் பிளேட்டையும் விடாமல் படம் எடுத்தார். நம்பர் பிளேட்டில் சிங்கள ஸ்ரீ போட வேண்டும் என்று 1957இல் தொடங்கிய சண்டைக்கு முதல் பதிந்த கார், ஆங்கில எழுத்து இரண்டோடு அப்படியே நிற்கிறது. கடைசியில் ஒரு விலை சொன்னார். அதை உனக்குச் சொல்ல மாட்டேன், நீ உடனே இங்கிலாந்துப் பவுணுக்கு மாற்றிப் பார்ப்பாய்.

அவருக்கும் எனக்கும் ஒத்துவராத இடம் ஒன்றுதான். கார்புரேட்டருக்குப் பக்கத்தில் ஒரு பித்தளைத் திருகு இருக்கிறதல்லவா, அதைக் கழற்றி எறிந்தால்தான் கார் ஒறிஜினல், விலையும் கூடும் என்றார். அதை எறிய நான் விடமாட்டேன்.

நீ அப்போது சின்னப் பிள்ளை. 1990இல் அரசாங்கம் இங்கே எரிபொருள் வரத் தடை போட்ட பிறகு பெற்றோல் கண்ணால் காணக் கிடைக்காது. கிடைத்தாலும் பக்கத்து வீட்டுக்குத் தெரியாமல் ஒளித்து வைக்கிற விலை. அதனால் காரை மண்ணெண்ணெயில்தான் ஓட்டினோம். ஆனால் எஞ்சின் சூடாகாமல் இருக்கும்போது மண்ணெண்ணெய் ஆவியாகாது, எஞ்சின் பிடிக்காது. அப்பப்பா சின்னப் போத்தலில் வைத்திருந்த பெற்றோலில் கொஞ்சம் விட்டு ஸ்டார்ட் பண்ணி, எஞ்சின் நன்றாகச் சூடாகும்வரை உறும விட்டு, அப்புறம் அந்தத் திருகைத் திருப்பி மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார். ஏ40 அமுக்கம் குறைந்த எஞ்சின், அதனால் தாங்கியது. பிந்தி வந்த எஞ்சின்கள் என்றால் இடி இடித்தே உடைந்துபோயிருக்கும். எரியாத மண்ணெண்ணெய் பிஸ்ரன் பக்கத்தால் கீழே வடிந்து எஞ்சின் ஒயிலோடு கலக்கும். டிப்ஸ்ரிக்கை இழுத்துப் பார்த்தால் ஒயில் மட்டம் குறைய வேண்டியதற்குப் பதிலாகக் கூடியிருக்கும். அப்பப்பா விரலில் தொட்டு மணந்து பார்த்துவிட்டு, "மாத்த வேணும்" என்பார். மாற்றுவதற்கு ஒயிலுக்கு எங்கே போவது என்று அம்மம்மா கேட்பா.

95 ஒக்டோபர் இடப்பெயர்வில் நாவற்குழிப் பாலத்தால் உன்னையும் அம்மாவையும் ஏற்றிக்கொண்டு போனதும் அந்தத் திருகோடுதான். நடந்து போன சனம் எங்களை முந்திக்கொண்டு போனது. காட்சியில் நின்ற காருக்கு அப்படி ஒரு பயணம் இருக்காது, அதனால் அதற்குப் புதுத் தோல் போடலாம்.

இங்கே சில ஏ40களில் யப்பான் எஞ்சின் பூட்டியிருக்கிறார்கள். எல்லாம் ஒறிஜினலாகவே இருக்க வேண்டும் என்பவர்கள் முகம் சுளிப்பார்கள். நான் குறை சொல்ல மாட்டேன், பாகம் வராத காலத்தில் வண்டி ஓட வேண்டுமே. அதோடு நிசான் கொம்பனி 1952இல் ஒஸ்டினோடு ஒப்பந்தம் செய்து, அடுத்த வருடம் முதல் இதே ஏ40ஐத்தான் யப்பானில் பூட்டி விற்றது. கார் கட்டப் படித்தவன் தன் எஞ்சினை வாத்தியாருக்கே திருப்பிக் கொடுத்திருக்கிறான், அவ்வளவுதான்.

சரி, செய்ய வேண்டியதற்கு வருகிறேன். மாரிக்கு முதல் அடித்தகரத்தை வெட்டி ஒட்ட வேண்டும். கடல் காற்றும் கொட்டிலின் ஈரமும் சேர்ந்து சாரதிப் பக்கம் நிலம் தெரிகிறது. இதற்கு அடிச்சட்டமான செசி தனி, மேல்கூடான பொடி தனி என்பதால் பயமில்லை. மொறிஸ் மைனருக்கு இப்படி உக்கியிருந்தால் பெரிய வேலை, அதற்குப் பொடிதான் செசி. வயரிங்கைத் தொடும் பொடியனுக்கு நான் பக்கத்தில் நின்று சொல்ல வேண்டும்: இந்தக் காரில் பற்றரியின் பிளஸ்தான் பொடிக்குப் போகும். இப்போதைய பழக்கத்தில் மாற்றிக் கொடுத்தால் டைனமோ போய்விடலாம். பெயின்ற், பம்பர், சீற் எல்லாம் இருக்கிறபடி இருக்கட்டும்.

உன்னிடம் கேட்பது பிரேக் ரப்பர்தான். லோங்பிரிட்ஜ் உன் வீட்டில் இருந்து பஸ்ஸில் போகிற தூரம், இந்தக் கார் செய்த இடம். தொழிற்சாலை 2005இல் மூடிவிட்டார்கள், ஆனாலும் அந்தப் பக்கத்தில் பழைய ஒஸ்டின் வைத்திருக்கிற ஆட்கள் இருப்பார்கள். அவர்களைக் கேட்டு வாங்கு. ஒன்றைக் கவனி: ஏ40 என்று மட்டும் சொன்னால் இதற்கு முந்தின ஏ40 மொடலான டெவனுக்கு உரியதைத் தந்துவிடுவார்கள். டெவனில் முன் சில்லுக்கு மட்டும்தான் ஹைட்ரோலிக், பின்னுக்குக் கம்பி. சொமர்செற்றுக்கு நாலு சில்லும் ஹைட்ரோலிக், நாலுக்கும் வேண்டும். கதவுத் தூணில் இருந்து எழும்புகிற சிக்னல் கைக்கு செம்மஞ்சள் மூடி ஒன்று கிடைத்தால் அதையும் எடு. வலப்பக்கத்தது வெடித்துவிட்டது.

நல்லூர்த் திருவிழாவுக்கு யாராவது வருவார்கள், அவர்களிடம் கொடுத்து விடு. தபாலில் போடாதே. மருமகனுக்கும் பிள்ளைகளுக்கும் சுகம் கேட்டதாகச் சொல்லு.

அன்புடன்,
அப்பா