மாற்று வழிபாடு மரபு மீறலா?

ஆசிரியர் அவர்களுக்கு,

லுத்தரன் சபைகளில் இளைஞர்களுக்காக கிட்டார், டிரம்ஸுடன் மாற்று வழிபாடு நடப்பது பற்றிய செய்தியைத் தங்கள் ஞாயிறு இதழில் படித்தேன். அதைச் சிலர் ‘மரபு மீறல்’ என்று கடிந்துகொண்டிருப்பது சரியல்ல. 1526-இல் ஜெர்மன் மொழியில் ஆராதனை முறையை வகுத்த, இச்சபைகளின் முன்னோடியான மார்ட்டின் லுத்தரே, அதை யாரும் கட்டாயச் சட்டமாக்கிவிடக் கூடாது என்று முன்னுரையில் எழுதிவைத்தார். சடங்குகள் எல்லா இடத்திலும் ஒன்றுபோல இருக்க வேண்டியதில்லை என்று லுத்தரன் சபைகளின் அடிப்படைக் கொள்கை ஆவணமான, 1530-ஆம் ஆண்டின் ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கையும் சொல்கிறது. அப்புறம், மாற்று என்றாலே கிட்டார்தானா? கிறிஸ்தவக் கவிஞரான தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் கர்நாடக இசையில் கீர்த்தனைகள் இயற்றியபோது, ஜெர்மன் மெட்டில் ஞானப்பாட்டு பாடிப் பழகியவர்களுக்கு அதுவும் புதுசாகத்தானே இருந்திருக்கும்!

எங்கள் சபையில் சென்ற ஆண்டு ஒரு மாலை, பெஞ்சுகளை ஓரம் தள்ளிப் பாய் விரித்து, ஆர்மோனியம், தபேலாவோடு கீர்த்தனை வழிபாடு நடத்தினோம். இளைஞர்கள் தாளைப் பார்த்தும் தடுமாற, பாட்டி ஒருவர் அத்தனை சரணங்களையும் மனப்பாடமாகப் பாடினார். காலை ஆராதனையில் அவர் குரலை நான் கேட்டதே இல்லை. மாதத்தில் ஒரு ஞாயிறு மாலையை இதற்கென்று சபைகள் ஒதுக்கலாம். பாவ அறிக்கை, வேதபாடம், பிரசங்கம், திருவிருந்தின் வார்த்தைகள் அப்படியே இருக்கட்டும். எதைப் பாடுவது, எப்படி உட்காருவது என்பதை இளைஞர்களும் பெரியவர்களும் சேர்ந்து பேசி முடிவு செய்யட்டும்.

– சபை உறுப்பினர் ஒருவர், மயிலாடுதுறை