வாள் இல்லாத ஒரு சரித்திரப் படம் எடுங்களேன்

தமிழ்ப் பட இயக்குநர்களுக்கும் தயாரிப்பாளர்களுக்கும் வணக்கம்.

சரித்திரப் படம் என்றாலே அரியணை, யானை, வாள், கிராபிக்ஸ் படை என்றாகிவிட்டது. குறை சொல்லவில்லை, நானும் முதல் வாரமே போய்ப் பார்க்கிறவன்தான். ஆனால் நான் பிழைத்தது நில அளவையில். எங்கள் தொழிலுக்கு சினிமாவில் கிடைத்த இடம், வரப்போரம் நின்று கவர் வாங்கும் சர்வேயர் மட்டும்தான். அந்த ஆதங்கமும் சேர்ந்துதான் எழுதுகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கதை பரங்கிமலையில் தொடங்குகிறது. 1802 ஏப்ரல் 10. ஐம்பது வயதை ஒட்டிய வில்லியம் லாம்டன் என்ற ராணுவ அதிகாரி, மலையடியிலிருந்து பெரும்பாக்கம் பக்கமாக ஒரு நேர்க்கோட்டை அளக்க ஆரம்பிக்கிறார். நீளம் ஏழரை மைல். கையில் இருந்தது நூறு அடி எஃகுச் சங்கிலி. வெயிலில் எஃகு நீளும். ஒரு இழை நீண்டாலும் கணக்கு போச்சு. அதனால் சங்கிலியை மரப்பெட்டிகளில் கிடத்தி, பெட்டிகளை முக்காலிகள் மேல் நிறுத்தி, பக்கத்தில் தெர்மாமீட்டர் வைத்து, சூட்டைக் குறித்துக்கொண்டு, அப்புறம்தான் அடுத்த நூறு அடி. இப்படி ஏறக்குறைய நானூறு தடவை. சித்திரை வைகாசி வெயிலில் 57 நாள் ஆனது. இன்றைக்கு வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் டிராஃபிக்கில் நிற்கிறவர்களுக்கு இந்தக் கோடு பற்றித் தெரியாது.

எதற்கு இந்தப் பாடு? ஒரு பக்கத்தைத் துல்லியமாக அளந்துவிட்டால், அதன் மேல் முக்கோணம் முக்கோணமாகக் கட்டிக்கொண்டே போகலாம். கோணம் பார்த்தால் போதும், மற்றதைக் கணக்கு சொல்லிவிடும். அந்த முக்கோண வரிசை பிற்காலத்தில் கன்னியாகுமரியிலிருந்து இமயமலை அடிவாரம் வரை போனது. லாம்டனுக்குப் பூமியின் வடிவத்தைக் கண்டுபிடிக்கும் ஆசை. சம்பளம் கொடுத்த கிழக்கிந்தியக் கம்பெனிக்கு வரி வசூலிக்கவும் படை நடத்தவும் வரைபடம் வேண்டும். இந்த இரண்டு நோக்கத்துக்கும் நடுவில் அவர் நிற்கிறார். அதை மறைத்துவிட்டு அவரை நல்ல துரையாக்கினால் படம் பொய்யாகிவிடும்.

கோணம் பார்க்கும் தியோடலைட் லண்டனில் செய்தது. எடை அரை டன். வரும் வழியிலேயே கப்பலோடு பிரெஞ்சுக்காரர்கள் பிடித்து மொரீஷியஸுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். உள்ளே இருப்பது அறிவியல் கருவி என்று தெரிந்ததும், எதிரி நாட்டுக்காரன் என்றும் பார்க்காமல், அங்கிருந்த ஆளுநர் மரியாதையோடு சென்னைக்கு அனுப்பிவைத்தார். நானே கற்பனை செய்து எழுதியிருந்தால் நம்பமாட்டீர்கள்.

நான் உங்களிடம் சொல்ல நினைப்பது முக்கியமாக 1808-ஐத்தான். தஞ்சைச் சமவெளியில் மலை கிடையாது, தென்னையும் பனையும் பார்வையை மறைக்கும். உயரம் வேண்டுமென்றால் கோயில்தான் கதி. பெரிய கோயில் விமானத்தின் மேலே அந்த அரை டன் கருவியைக் கயிறு கட்டி ஏற்றுகிறார்கள். பாதியில் கயிறு அறுகிறது. கருவி சுவரில் போய் மோதுகிறது. கோணம் காட்டும் பெரிய வட்டம் நெளிந்துபோகிறது. ஆறு வருட வேலையின் உயிரே அதில்தான் இருக்கிறது.

புதிதாக ஒன்று லண்டனிலிருந்து வர எத்தனை காலம் ஆகுமோ. லாம்டன் கூடாரத்துக்குள் போய் உட்கார்ந்துவிட்டார். முக்கியமான கைவினைஞர்கள் தவிர வேறு யாருக்கும் உள்ளே அனுமதி இல்லை. கருவியைக் கழற்றி, பெரிய பலகையில் சரியான அளவுக்கு வட்டம் வெட்டி, ஆப்பு, திருகு, கப்பி எல்லாம் வைத்து நெளிந்த வளையத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துப் பழைய வட்டத்துக்குக் கொண்டுவந்தார்கள். ஆறு வாரம். அதே கருவி திரும்பவும் வேலைக்குப் போனது. கூடாரத்துக்குள் என்ன நடக்கிறது என்று தெரியாமல் வெளியே ஒரு முகாமே காத்துக்கிடக்கிறது, உள்ளே ஒரு கிழவரும் நம் ஊர் ஆசாரிகளும் இஞ்ச் இஞ்சாக உலோகத்தோடு மல்லுக்கட்டுகிறார்கள். இடைவேளைக் காட்சிக்கு இதைவிட என்ன வேண்டும்?

அறிமுகக் காட்சி வேண்டுமென்றால் அதுவும் இருக்கிறது. 1799, ஸ்ரீரங்கப்பட்டணம். இரவில் படை நகர்கிறது. லாம்டன் நட்சத்திரத்தைப் பார்த்துவிட்டு, திப்புவின் பாளையத்தை நோக்கியல்லவா போகிறோம் என்கிறார். தளபதி பேர்ட், நட்சத்திரத்தைக் கேட்டு வழி நடக்கிறவன் நானில்லை என்று நக்கலடிக்கிறார். கடைசியில் திசைகாட்டியை வெளிச்சத்தில் பார்த்தால் லாம்டன் சொன்னதுதான் சரி.

ஆனால் நாயகன் அவர் இல்லை. சங்கிலி பிடித்தவன், குன்றின் மேல் கொடி பிடித்து நின்றவன், அந்தத் தியோடலைட்டைத் தோளில் சுமந்தவன், இவர்களில் ஒருவனை எடுத்துக்கொள்ளுங்கள். உயரத்திலிருந்து தொலைநோக்கியில் பார்த்தால் அந்தப்புரம் தெரியுமே என்று உள்ளூர்க்காரர்கள் சண்டைக்கு வரும்போது முதலில் அடி வாங்கக்கூடியவன் துரை அல்ல, இவன்தான். தன் நிலத்தின் மேல் வரிபோட உதவப்போகிற வரைபடத்துக்குத் தானே சங்கிலி இழுக்கிறோம் என்று இவனுக்கு எப்போது உறைக்கும்? அதுதான் உங்கள் திரைக்கதை.

1823-ல் லாம்டன் மகாராஷ்டிரத்தின் ஹிங்கன்காட்டில், வேலைக்கு நடுவிலேயே இறந்துபோனார். அவருக்குப் பிறகு வந்த எவரெஸ்டின் பெயர் சிகரத்துக்குப் போனது. அதன் உயரக் கணக்கில் ராதாநாத் சிக்தார் என்ற வங்காளிக்கு இருந்த பங்கை இன்றும் பலர் அறியமாட்டார்கள். இதெல்லாம் இரண்டாம் பாகத்துக்கு. அந்த ஆசை உங்களுக்கு எப்படியும் வந்துவிடும்.

பாட்டு வைத்தே தீரவேண்டும் என்றால் சங்கிலி இழுக்கும்போது வையுங்கள். பெரிய கோயிலில் கயிறு கட்டிப் படம்பிடிக்க அனுமதி கிடைக்காது, கேட்கவும் வேண்டாம், செட் போட்டுக்கொள்ளலாம். கருவியை மட்டும் தெர்மாகோலில் செய்துவிடாதீர்கள். தூக்குகிறவன் கழுத்து நரம்பைப் பார்த்தே நாங்கள் கண்டுபிடித்துவிடுவோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஒரு சர்வேயர்