கடகம் தந்த ஆச்சிக்கும் குப்பி கொண்டுவந்த தம்பிக்கும்

அன்புடையீர்,

யாழ்ப்பாணத்துக் கொடிகாமத்தில் எங்கள் ஒழுங்கையில் 11 வீட்டார் சேர்ந்து ஊர்க்கோழி வளர்த்து விற்கிறோம். உதவிய எல்லாருடைய வாசலுக்கும் போய் நன்றி சொல்ல வேண்டும் என்றுதான் நினைத்தோம். கோழிக்குத் தீன் வைத்து முடிக்கவே பொழுது போய்விடுகிறது. அதனால் இந்த மடல்.

முதல் நன்றி ஆச்சிக்கு. 2022 பங்குனியில், காசு சேர்த்துக் குஞ்சு பொரிக்கும் மெசின் ஒன்று வாங்கி 96 முட்டை வைத்தோம். மார்ச் மாதக் கடைசியில் மின்வெட்டு நாளுக்கு 13 மணித்தியாலம் வரை போனது. மெசினுக்குள் சூடு 37.5 பாகையில் நிற்க வேண்டும். போர்வை சுற்றினோம், சுடுதண்ணீர்ப் போத்தல் வைத்தோம். பொரித்தது 7 குஞ்சு. மிச்சமெல்லாம் கூழ்முட்டை. கிடங்கு வெட்டித் தாட்டுக்கொண்டு நிற்கும்போது ஆச்சி வேலிப் பொட்டுக்குள்ளால் வந்தார். "கரண்டை நம்பி ஆரும் அடைவைப்பினமே, பிள்ளையள்?"

அடுத்த நாளே தன்னுடைய அடைக்கோழி இரண்டும், அயலில் கேட்டு வாங்கிய நான்கும் கொண்டுவந்தார். பனையோலைக் கடகத்தில் மணல் பரப்பி, மேலே வைக்கோல் போட்டு, கோழிக்கு 11 முட்டை. இடி முழக்கத்துக்குக் காவலாக ஒரு கரித்துண்டும் செத்தல் மிளகாயும். (இடிக்கும் மிளகாய்க்கும் என்ன தொடர்பு என்று நான் கேட்கவில்லை.) ஏழாம் நாள் இரவு ரோச் லைட்டில் முட்டையைப் பிடித்துப் பார்த்தபோது, உள்ளே சிவப்பு நூல் போல நரம்பு ஓடியிருந்தது. 21ஆம் நாள் 57 குஞ்சு!

கால்நடைப் போதனாசிரியர் தங்கச்சிக்கும் நன்றி. தாயோடு விட்டால் அது இரண்டு மூன்று மாதத்துக்கு முட்டைப் பக்கமே திரும்பாது, குஞ்சை முன்னதாகவே பிரித்துப் பல்ப் சூட்டில் வளருங்கள் என்று காட்டித் தந்தவர் அவர்தான். ஆச்சிக்கு இதில் இன்றைக்கும் உடன்பாடில்லை. கணக்குப் பார்த்தால் தங்கச்சி சொன்னதுதான் சரி.

அப்புறம் மருந்து விஷயம். இது எங்கள் பிழை, சொல்லத்தான் வேண்டும். வெள்ளைக் கழிச்சல் என்ற கோழி நோய்க்கான தடுப்பு மருந்துக் குப்பி ஒன்று நூற்றுக்கணக்கான கோழிக்குக் காணும். ஒரு வீட்டில் இருப்பதோ பதினைந்து, இருபது. கரைத்த மருந்தை ஓரிரு மணித்தியாலத்துக்குள் விட்டு முடிக்க வேண்டும். நாங்கள் மிச்சத்தைப் பிரிட்ஜில் வைத்து அடுத்த நாள் மற்ற வீடுகளுக்கு விட்டோம். ஒரு மாதம் போகவில்லை, கழுத்துத் திருகி, பச்சையாகக் கழிந்து, ஒரே கிழமையில் 31 செத்தது. மிருக வைத்தியர் ஐயா ஏசவில்லை. "ஒரு குப்பி, ஒரு காலை, ஒரு ஒழுங்கை" என்றார். அன்றிலிருந்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை, கூடு திறக்க முன்னம், விடியற்காலையில் 11 வீட்டுக்கும் ஒன்றாகத்தான். சாவகச்சேரியில் இருந்து ஐஸ் போட்ட பிளாஸ்கில் குப்பியைக் கொண்டுவரும் தம்பி ஒரு நாளும் பெற்றோல் காசு வாங்கியதில்லை. கண்ணில் ஒரு துளி விட்டால், கோழி கண்ணை மூடித் திறக்கும் வரை கையை எடுக்கக் கூடாது. அவசரக்காரருக்கு இந்த வேலை சரிவராது.

சந்தையில் கடை வைத்திருக்கும் அண்ணை விற்கும் வித்தையைச் சொல்லித் தந்தார். நல்லூர்க் கந்தசுவாமி கோயில் திருவிழாவுக்குக் கொடியேறினால் 25 நாளும் பாதி யாழ்ப்பாணம் மீன், இறைச்சி தொடாது. நாங்கள் முதல் வருடம் அந்த நேரம் பார்த்து 40 சேவலோடு போய் நின்றோம்! "பங்குனி, சித்திரையில் பொரிக்க வையுங்கோ, திருவிழா முடிய நிறைக்கு வரும்" என்றார். அப்படியே வந்தது. அன்று திருப்பிக் கொண்டுபோன சேவல்களின் தீன் செலவுக்குக் கடனும் தந்தார்.

கீரிக்குப் பயந்து கம்பி வலைக்குக் காசு அனுப்பிய கனடா மச்சானுக்கும், முட்டைத் தட்டை மடியில் வைத்துக் கொண்டுவந்து சேர்த்த பஸ் கொண்டக்டருக்கும் நன்றி. விட்டுப்போனவர்கள் கோபிக்க வேண்டாம், வீட்டுக்கு வந்து ஏசலாம்.

ஆச்சியின் ஆறு கடகமும் இன்னும் எங்களிடம்தான். திருப்பிக் கொடுக்கப் போனால், "அடைக்கு இருக்குதே?" என்று கேட்கிறார். இருக்கிறது.

நன்றியுடன்,
ஒழுங்கையின் 11 வீட்டார்
கொடிகாமம்